தோல் பதனிட்டவர் மகனும் ஒரு பீர் பாட்டிலும்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு மாணவர் எழுதியது)

தலைப்பைப் பார்த்ததும் பின் பெஞ்சில் விசில் சத்தம் கேட்கும்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். இது குடிப்பதைப் பற்றிய கட்டுரை இல்லை. பீரைக் கெடாமல் பாட்டிலில் அடைப்பது எப்படி என்று தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு மாபெரும் விஞ்ஞானியின் கதை. அவர் பெயர் லூயி பாஸ்டர்.

பாஸ்டர் என்றவுடன் நமக்கு வெறிநாய்க்கடி ஊசி ஞாபகம் வரும். அடுத்து பால் பாக்கெட்டில் அச்சடித்திருக்கும் பாஸ்சரைஸ்டு என்ற வார்த்தை. ஆனால் பாலைச் சூடாக்கி அவர் அந்தப் பெயரை வாங்கவில்லை. ஒயினையும் பீரையும் வைத்துத்தான் வாங்கினார். பாலுக்கு அந்த முறையைப் பிறகு வந்தவர்கள்தான் கொண்டுபோனார்கள். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ம் தேதி பிரான்ஸ் நாட்டில் டோல் என்ற ஊரில் பாஸ்டர் பிறந்தார். அப்பா நெப்போலியன் படையில் சார்ஜண்டாக இருந்து வீரப் பதக்கம் வாங்கியவர். படை கலைந்த பிறகு ஊருக்குத் திரும்பி, குலத்தொழிலான தோல் பதனிடும் வேலையைச் செய்தார். அம்மா தோட்டவேலை செய்யும் குடும்பத்துப் பெண். பாஸ்டரின் கொள்ளுத்தாத்தா பண்ணையடிமையாக இருந்து 1763-ல் காசு கொடுத்து விடுதலை வாங்கியவர். அந்த வம்சத்தில் வந்த பையனைத்தான் அப்பா படிக்க வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். உள்ளூர்ப் பள்ளியில் வாத்தியாராகி விட்டால் போதும் என்பதுதான் அவருடைய ஆசை. (எங்க வீட்டுலயும் எனக்கு முன்னாடி காலேஜ் வாசலை மிதிச்சவங்க இல்ல. அதனால இந்த இடத்தை நான் ரெண்டு தடவை படிச்சேன்.)

குடும்பம் ஆர்புவா என்ற சின்ன ஊரில் குடியேறியது. வீட்டோடு சேர்ந்ததுதான் தோல் ஷாப்பு. அந்த வாடை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1838-ல் பதினைந்து வயதில் மேற்படிப்புக்காகப் பாரிசுக்கு அனுப்பினார்கள். பையனுக்குப் பட்டணம் ஒத்துவரவில்லை. வீட்டு ஏக்கம் பிடித்துக்கொண்டது. அந்தத் தோல் வாடையை ஒருமுறை மூக்கில் இழுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பனிடம் புலம்பினாராம். சில வாரத்திலேயே அப்பா நேரில் போய் ஊருக்குக் கூட்டிவந்துவிட்டார். ஹாஸ்டலில் முதல் மாதம் அழுத நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்!

மார்க்கு விஷயத்திலும் அவர் பெரிய புலி இல்லை. 1842-ல் அறிவியல் தேர்வில் வேதியியலுக்கு அவருக்குக் கிடைத்த மதிப்பு ‘சுமார்’. அதே ஆண்டு பாரிசின் புகழ்பெற்ற எகோல் நார்மால் கல்லூரிக்கு இடம் கிடைத்தது. ஆனால் பட்டியலில் பின்வரிசை. மற்றவர்கள் கிடைத்தது போதும் என்று சேர்ந்திருப்பார்கள். இவர் சேரவில்லை. இன்னொரு வருடம் படித்து, 1843-ல் மறுபடி எழுதி, முன்வரிசையில் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு வேகம்தான். 1848-ல், 25 வயதில், ஒயின் பீப்பாயின் உட்புறம் படியும் உப்பிலிருந்து கிடைக்கும் டார்டாரிக் அமிலத்தை ஆராய்ந்தார். அதன் இனமான இன்னொரு அமிலத்தின் உப்பில் இடக்கை, வலக்கை போல இரண்டு வகைப் படிகங்கள் கலந்திருப்பதை மைக்ராஸ்கோப் வழியே பார்த்து, கையாலேயே பொறுக்கிப் பிரித்துக் காட்டினார். வேதியியல் உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டு மரி லோரான் என்ற பெண்ணோடு திருமணம். அந்த அம்மையார்தான் கடைசிவரை அவருக்கு எழுத்தர், உதவியாளர் எல்லாம்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். 1854-ல் லில் என்ற தொழில் நகரத்தின் அறிவியல் கல்லூரிக்கு முதல்வராகப் போனார். மாணவர்களை வகுப்பறையிலேயே உட்கார வைக்காமல் சுற்றுவட்டார ஆலைகளுக்கெல்லாம் அழைத்துப் போவார். இன்றைக்கு நாம் ‘இண்டஸ்ட்ரியல் விசிட்’ என்று பஸ்ஸில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறோமே, அதேதான். 1856-ல் பிகோ என்ற ஆலை அதிபர் அவரிடம் வந்தார். அவர் மகன் பாஸ்டரிடம் படித்தவன். பீட்ரூட் சாற்றைப் புளிக்க வைத்துச் சாராயம் எடுக்கும் ஆலை அவருடையது. சில தொட்டிகளில் சரக்கு நன்றாக வருகிறது, சிலவற்றில் கெட்டுப் புளித்து நாறுகிறது, காரணம் புரியவில்லை என்பது அவர் குறை.

பெரிய கல்லூரி முதல்வர் இதற்கெல்லாம் போவாரா? போனார். தினமும் போனார். தொட்டி தொட்டியாகச் சாற்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டை உருண்டையாக ஈஸ்ட். கெட்ட தொட்டியில் வேறு வடிவங்கள், மிக நுணுக்கமான குச்சிகள். 1857-ல் இதன் தொடர்ச்சியாக லாக்டிக் அமிலப் புளிப்பு பற்றிய கட்டுரையை வெளியிட்டார். ஒவ்வொரு வகைப் புளிப்புக்கும் ஒவ்வொரு வகை உயிர் காரணம் என்பதே அதன் சாரம்.

ஈஸ்ட் உயிருள்ளது என்று 1837-லேயே மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் ஜெர்மனியின் வேதியியல் சக்கரவர்த்தி லீபிக் அதைக் கேலி பண்ணி ஒதுக்கிவிட்டார். புளிப்பது வெறும் ரசாயனச் சிதைவு, அதில் உயிருக்கு வேலையில்லை என்பது அவர் கட்சி. பாஸ்டர் அந்தக் கட்சியை ஆதாரத்தோடு எதிர்த்தார். தானாக உயிர் தோன்றுகிறது என்று சொன்னவர்களுக்கு, அன்னக் கழுத்துக் குடுவைகளால் பதில் சொன்னார். வளைந்த கழுத்துள்ள குடுவையில் காய்ச்சி வைத்த சாறு மாதக்கணக்கில் கெடவில்லை. கழுத்தை உடைத்துத் தூசி விழவிட்டால் சில நாளில் கெட்டது. இத்தனை வேலையும் நடந்த இடம் எது தெரியுமா? 1857-ல் பாரிசுக்கு மாறியபோது அவருக்குக் கிடைத்தது கல்லூரியின் பரண். பிறகு ஒரு சின்னக் கட்டடம். அங்கே மாடிப்படிக்கு அடியில் வெப்ப அறை. அதற்குள் அவர் மண்டியிட்டுத்தான் நுழைய வேண்டும்! நம்ம லேபில் ஃபேன் ஓடவில்லை என்று மனு எழுதுகிற நமக்கு இது ஒரு தகவல்.

1863-ல் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன், பிரான்சின் ஒயின் ஏற்றுமதியாகும்போது கெட்டுப்போவது ஏன் என்று பார்க்கச் சொன்னார். பாஸ்டர் மூடிய பாட்டிலை 50 முதல் 60 டிகிரி வரை கொஞ்ச நேரம் சூடாக்கிப் பார்த்தார். ஒயின் நின்றது. 1865-ல் காப்புரிமை எடுத்தார். பிறகு அதைப் பொதுமக்கள் உபயோகத்துக்கே விட்டுவிட்டார். இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். உணவைப் புட்டியில் அடைத்துச் சூடாக்கினால் கெடாது என்று அப்பேர் என்ற பிரெஞ்சு சமையல்காரர் 1810-லேயே புத்தகம் போட்டிருக்கிறார். கை வேலை அவருடையது. ஏன் கெடவில்லை என்ற காரணம்தான் பாஸ்டருடையது. காரணம் தெரியாததால் அப்பேர் பல மணி நேரம் கொதிக்க வைத்தார். காரணம் தெரிந்ததால் பாஸ்டர் ருசி கெடாத அளவுக்குச் சூட்டைக் குறைத்தார்.

அந்த வருடங்கள் அவர் வீட்டுக்குள் நடந்ததை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. 1859-ல் மூத்த மகள் ழான் டைபாய்டில் போனாள். 1865-ல் அப்பா. அதே ஆண்டு இரண்டு வயதுக் குழந்தை கமீய். 1866-ல் பன்னிரண்டு வயது செசில், அதுவும் டைபாய்டு. 1868 அக்டோபரில் அவருக்கே பக்கவாதம். 45 வயதில் இடது பக்கம் விழுந்துவிட்டது. உயிர் பிழைத்தார். ஆனால் இடது கையும் காலும் பழையபடி வரவேயில்லை. பீர் ஆராய்ச்சியைச் செய்தவர் இந்த மனிதர்தான், நல்லா நடமாடிக்கொண்டிருந்த வாலிபர் அல்ல!

1870-ல் பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் யுத்தம். பிரான்ஸ் தோற்றது. மகன் போர்முனையில். தோற்று ஓடிவரும் படைக்குள் மகனைத் தேடிப் பனிக்காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு அலைந்தார் பாஸ்டர். கண்டும் பிடித்தார். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகம் தனக்குக் கொடுத்திருந்த கௌரவப் பட்டத்தைக் கோபத்தில் திருப்பி அனுப்பினார். அந்தக் கோபம் அடங்காமல் வேறு ஒரு முடிவும் எடுத்தார். ஜெர்மனி எதில் பேர் போனது? பீரில். அப்படியானால் அதைவிட நல்ல பீரை பிரான்ஸ் தயாரிக்க வேண்டும்! 1871 ஜூனில் காப்புரிமை எடுத்தபோது, இந்த முறையில் பிரான்சில் செய்த பீரை ‘தேசியப் பழிவாங்கலின் பீர்’ என்றே அழைக்க வேண்டும் என நிபந்தனை போட்டார். பீர் மேல் ஆசையால் அல்ல, பகையால் பிறந்த ஆராய்ச்சி இது. பகையால் பிறந்தாலும் பயன் எல்லா நாட்டுக்கும் போனது. ஜெர்மனிக்கும் சேர்த்துத்தான்.

சரி, பீரில் என்ன பெரிய சிக்கல்? பார்லியை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு வரும். அதோடு ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். பிறகு ஆறவைத்து ஈஸ்ட் போட்டால், சர்க்கரை சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாறும். வீட்டில் மாவு புளித்துப் பொங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒயினில் புளிப்பும் சாராயமும் அதிகம், அதனால் ஓரளவு தானே தாக்குப்பிடிக்கும். பீரில் இரண்டும் குறைவு. கிருமிக்கு அது விருந்து.

பாஸ்டர் ஒவ்வொரு படியாகப் பார்த்தார். கொதிக்கும்போது சாறு சுத்தமாகிறது. கெடுதல் நுழைவது ஆறவைக்கும்போது. அந்தக் காலத்தில் அகலமான திறந்த தொட்டிகளில் ஊற்றித்தான் ஆற வைப்பார்கள். காற்றிலுள்ள தூசியெல்லாம் அதில் விழும். அடுத்த வாசல் ஈஸ்ட். ஒரு தொட்டியின் ஈஸ்ட்டை அடுத்த தொட்டிக்கும், அதிலிருந்து அடுத்ததற்கும் என்று எடுத்துப் போடுவதால் கெட்ட கிருமியும் கூடவே பயணம் செய்யும். ஐஸ் போட்டுக் குளிரில் செய்யும் ஜெர்மன் முறை ஏன் ஜெயித்தது என்பதும் அவருக்குப் புரிந்தது. குளிரில் அந்தக் கிருமிகள் முடங்கிக் கிடக்கின்றன. ஆகவே அவர் மூடிய உலோகப் பாத்திரம் ஒன்றை அமைத்தார். வெளியே தண்ணீர் ஓடிக் குளிர்விக்கும். உள்ளே போகும் காற்று கிருமி நீக்கப்பட்டுத்தான் போகும். சுத்தமான ஈஸ்ட்டுக்காக 1873-ல் அமெரிக்காவில் அவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. உயிருள்ள பொருளுக்குக் கிடைத்த ஆரம்பகாலக் காப்புரிமைகளில் அது முக்கியமானது.

இந்த வேலைகள் பலவும் லேபில் நடக்கவில்லை. கிளெர்மோன் நகரத்துப் பக்கத்தில் ஷமாலியேர் என்ற ஊரில் ஒரு சின்ன மதுவடி ஆலையில் தொடங்கின. பிறகு 1871 செப்டம்பரில் லண்டன் போனார். விட்பிரெட் என்ற மாபெரும் ஆலையின் மேலாளர்களிடம், போர்ட்டர் என்ற கறுப்பு பீரின் ஈஸ்ட்டைக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டார். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, இந்தச் சரக்கில் உங்களுக்குத் திருப்தி இருக்காதே என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மைதான், அன்றைக்குத்தான் வேறு ஆலையிலிருந்து புது ஈஸ்ட் வாங்கியிருந்தார்கள். அதையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். அது பரவாயில்லை. நாக்கில் ஒரு சொட்டும் வைக்காமல் வியாதியைச் சொன்ன மனிதரைப் பார்த்து அவர்களுக்கு ஆச்சரியம். ஒரு வாரத்துக்குள் அவர் திரும்பப் போனபோது அந்த ஆலையில் சொந்தமாக ஒரு மைக்ராஸ்கோப் வந்திருந்தது! நண்பர்களே, தரக் கட்டுப்பாடு என்று நாம் தியரியில் படிக்கிறோமே, அது ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்த விதம் இது.

தமாஷ் என்னவென்றால், பாஸ்டருக்கு பீரில் ருசியே கிடையாது. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. கூடவே இருந்த பெர்த்தாங் என்ற நண்பர்தான் ரசிகர். முதலில் எனக்கு நல்ல பீர் ஒன்று கொடு, தத்துவமெல்லாம் அப்புறம் பேசு என்று கிண்டல் அடிப்பாராம்.

பாட்டிலுக்கும் பீப்பாய்க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. பீப்பாய் பீர் பக்கத்து ஊருக்குப் போய்ச் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதைக் குளிரிலும் சுத்தத்திலும் காப்பாற்றிவிடலாம். பாட்டில் பீர் அப்படியல்ல. ரயிலிலும் கப்பலிலும் ஏறி மாதக்கணக்கில் வெயிலில் கிடக்கும். அதற்குத்தான் அடைத்து மூடிய பிறகு சூடு கொடுப்பது. சூடாக்கினால் புதுசு பீரின் ருசி கொஞ்சம் மாறும். அதனால் பாஸ்டருக்கு ஆரம்பத்திலிருந்தே சுத்தமாகத் தயாரிப்பதில்தான் அதிக நாட்டம். ஆனால் உலகம் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்காவில் அடால்ஃபஸ் புஷ் என்ற ஆலை அதிபர் 1870-களிலேயே பாட்டிலைச் சூடாக்கி ரயிலேற்றித் தூர ஊர்களுக்கு அனுப்பினார். 1892-ல் வில்லியம் பெயின்டர் என்பவர் இன்றைய சோடா மூடியைக் கண்டுபிடித்த பிறகு வாயு கசியாமல் அடைப்பதும் சுலபமானது.

சூடாக்குவதிலும் நம்ம பாடம் இருக்கிறது. பாட்டிலைத் திடீரென்று வெந்நீரில் போட்டால் கண்ணாடி விரிசல் விடும். படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். சூடு ஏற ஏற திரவம் விரியும், கரைந்த வாயு வெளியே வரத் துடிக்கும், அழுத்தம் கூடும். அதனால் கழுத்துவரை நிரப்பாமல் மேலே வெற்றிடம் விட வேண்டும். இப்போதைய ஆலைகளில் பாட்டில்கள் ஒரு நீளமான கூண்டுக்குள் பெல்ட்டில் நகர்ந்து போகும், மேலிருந்து வெந்நீர் மழை. 60 டிகிரியில் ஒரு நிமிடம் என்பதை ஒரு அலகு என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அந்த அலகுக்கும் அவர் பெயர்தான். ஸ்டீல் பீப்பாய்க்கு, அதாவது ‘கெக்’குக்கு, வேறு வழி. பீர் மட்டும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக 70 டிகிரிக்கு மேல் சில பத்து விநாடிகள் சூடாகி, உடனே குளிர்ந்து, நீராவியில் கழுவிய கெக்குக்குள் இறங்கும்.

வெளிநாடுகளில் சட்டப்படி வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் உண்டு. அவர்கள் சூடாக்குவதில்லை. ஈஸ்ட்டை உயிரோடு விட்டு, லிட்டருக்கு 6, 7 கிராம் சர்க்கரை சேர்த்து மூடிவிடுவார்கள். உள்ளேயே அது புளித்து வாயு உண்டாகும். முதல் புளிப்பு முழுசாக முடியும் முன்னால் அவசரப்பட்டு அடைத்தால் பாட்டில் குண்டு மாதிரி வெடிக்கும். சிலர் குளிர்பானக் கம்பெனிகள் கழித்த 19 லிட்டர் கெக்குகளில் ஊற்றி, சிலிண்டரிலிருந்து நேராக வாயுவை ஏற்றுவார்கள். பாத்திரத்தைக் கிருமி போகக் கழுவுவதிலேயே அவர்களுக்குப் பாதி நாள் போய்விடும். இங்கே அதெல்லாம் சட்டவிரோதம். ஹாஸ்டலில் யாரும் முயற்சி பண்ண வேண்டாம்!

1876-ல் பாஸ்டரின் பீர் ஆய்வு நூல் வெளிவந்தது. அதை அவர் யாருக்குச் சமர்ப்பித்தார் தெரியுமா? பதினொரு வருடம் முன்னால் இறந்துபோன அப்பாவுக்கு. நெப்போலியன் படையின் அந்தப் பழைய சிப்பாய்க்கு, தோல் பதனிட்டவருக்கு.

நூலில் குறையே இல்லையா? இருந்தது. ஈஸ்ட்டைச் சுத்தப்படுத்த அவர் சொன்ன முறை பாக்டீரியாவைத்தான் விரட்டியது, காட்டு ஈஸ்ட்டை விரட்டவில்லை. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் ஹான்சன் என்பவர் இதைக் கண்டுபிடித்தார். ஒரே ஒரு ஈஸ்ட் அணுவிலிருந்து மொத்தக் கூட்டத்தையும் வளர்த்து 1883-ல் ஆலையில் பயன்படுத்தினார். ஹான்சனும் ஏழை வீட்டுப் பிள்ளை. வீட்டுக்கு வெள்ளையடித்துப் பிழைத்தவர். பாஸ்டரின் எல்லா நடத்தையும் போற்றத்தக்கது என்றும் நான் சொல்லமாட்டேன். தன் ஆய்வுக் குறிப்பேடுகளை வெளியார் யாருக்கும் காட்டக் கூடாது என்று குடும்பத்தாரிடம் சொல்லி வைத்திருந்தார். 1964-ல் பேரன் அவற்றைத் தேசிய நூலகத்துக்குக் கொடுத்த பிறகுதான் சில விஷயம் வெளிவந்தது. 1881-ல் ஆடுகளுக்குப் போட்ட புகழ்பெற்ற ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி, வெளியில் எல்லோரும் நினைத்த முறையில் செய்ததல்ல. உதவியாளர் ஷம்பர்லான் செய்த முறையில் ஆனது. அந்தப் பெருமை அந்த மனிதருக்குச் சேர வேண்டியது.

ஆனாலும் பீர் தொட்டியில் கற்ற பாடம்தான் மிச்சத்தை எல்லாம் கொண்டுவந்தது. பீருக்கு வியாதி வெளியிலிருந்து வரும் கிருமியால் என்றால் மனிதனுக்கும் ஏன் அப்படி இருக்கக் கூடாது? புளிப்பைப் பற்றி அவர் எழுதியதைப் படித்துத்தான் இங்கிலாந்தின் லிஸ்டர், அறுவைச் சிகிச்சையில் புண்ணைக் கார்பாலிக் அமிலத்தால் காக்கும் முறையை 1865-ல் ஆரம்பித்தார். 1885 ஜூலை 6-ல் ழோசெஃப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு வெறிநாய்க்கடி ஊசி. 1888-ல் பாரிசில் பாஸ்டர் நிறுவனம். நம் நீலகிரியில், குன்னூரில், 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனமும் அவர் பெயரில்தான். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

1883-ல் டோல் ஊரில், அவர் பிறந்த வீட்டுச் சுவரில் கல்வெட்டு பதித்தார்கள். அன்றைய பேச்சில் தன் கண்டுபிடிப்புகளை விட்டுவிட்டு அம்மா அப்பாவைப் பற்றியே அதிகம் பேசினார், பேசும்போது அழுதுவிட்டார். 1895 செப்டம்பர் 28-ல் பாரிசுக்கு அருகில் காலமானார். கடைசிக்காலம் வரை விடுமுறை வந்தால் ஆர்புவா வீட்டுக்குப் போய்விடுவார். அப்பா தோல் பதனிட்ட அதே வீடுதான். பெரிதாக்கிக் கட்டி, அதற்குள்ளேயே தனக்கென்று ஒரு லேப் வைத்திருந்தார்.